நாற்பத்தோராம் பக்கம்

சாறியின் நிறத்தை மட்டும் மாற்ற மறந்துவிட்டான்.

யதுஷா அந்தப் பக்கத்தை மூன்றாம் தரமும் வாசித்தாள். நாற்பத்தோராம் பக்கம். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மூன்றாம் மாடி அறை அவளுடையது. கீழே ரயில் போகும்போதெல்லாம் மேசையில் இருக்கும் கோப்பை நடுங்கும். 

அவள் வாசித்துக்கொண்டிருந்தது கார்த்திகன் வகுப்பில் எல்லாருக்கும் அச்சடித்துக் கொடுத்த ஆய்வு வரைவு. பெண்ணியல் முதுகலை வகுப்பில் அவர்கள் பதினொரு பேர். அதில் இரண்டே இரண்டு ஆண்கள், கார்த்திகன் ஒருவன். வெள்ளவத்தைத் தமிழ்க் குடும்பங்களில் கலியாணம் பேசும்போது சீதனம் எப்படிப் பேசப்படுகிறது என்று எழுதியிருந்தான். இரண்டாம் வருட முடிவில் ஒவ்வொருவரும் யாரைப் பற்றி எழுதினார்களோ அந்த மக்களின் முன்னால், அவர்களுடைய பாஷையிலேயே ஆய்வை வாசிக்க வேண்டும் என்பது விரிவுரையாளர் நேசம் மிஸ் வைத்த விதி. வாசித்து முடிந்ததும் சக மாணவர் ஒருவர் எழுந்து பதிலுரை சொல்லிக் கேள்வி கேட்பார். யாருக்கு யார் பதிலுரை என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுப்பார்கள். யதுஷா எடுத்த சீட்டில் கார்த்திகனின் பெயர் இருந்தது.

பக்கத்தின் நடுவில், ‘பங்கேற்பாளர் 4, சாரதா, வயது 61’ என்ற தலைப்பின் கீழ் இப்படி இருந்தது:

“பொம்பிளை பகுதி மட்டக்களப்பு. தகப்பன் டியூசன் நடத்தினவர். சாதகம் நல்லாப் பொருந்தினது. தீபாவளிக்குக் கிளிப்பச்சைச் சாறி ஒண்டும் அனுப்பினனான். பிறகு பாத்தா, கொழும்பில ஒரு ஃப்ளாட் எழுதித் தர அவையளுக்கு வசதி இல்லை. அதுக்காக விட்டம் எண்டு சொன்னா சனம் எங்களைத்தானே கதைக்கும்? அதுதான் பிள்ளைக்கு வலிப்பு வாறதாம் எண்டு புரோக்கரிட்டச் சொல்லிவிட்டன். சாறியையும் திருப்பிக் கேட்டு வாங்கினன். பாவம், ஃபோல்ஸ் எல்லாம் தைச்சு வச்சிருந்திருக்கினம். இப்பவும் நான் அதைக் கட்டுறனான்.”

சாரதா என்பது கார்த்திகன் தன் தாய்க்கு வைத்த புனைபெயர். மட்டக்களப்பு என்றிருந்த இடத்தில் திருகோணமலை இருந்திருக்க வேண்டும். டியூசன் அல்ல, வாகனம் ஓட்டப் பழக்கும் பள்ளி. அந்தச் சாறிக்கு ஃபோல்ஸ் தைத்தது யதுஷாவின் அம்மா. தைத்து முடித்த மறுநாள்தான் அதைக் கூரியரில் திருப்பி அனுப்பச் சொல்லிப் புரோக்கர் அழைத்தார்.

எட்டு வருடம். அப்போது அவளுக்குப் பேசிய மாப்பிள்ளை கார்த்திகன், டோஹாவில் வேலை பார்த்தான். நேரில் பார்க்காமலே நான்கு மாதம் இருவரும் போனில் கதைத்தார்கள். காலையில் அவன் வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்து கதைப்பான். அவள் அப்பாவின் பள்ளியில், முதல் மாணவி வருமுன் காருக்குள் இருந்து கதைப்பாள். பெண்களுக்குக் கார் பழக்கியது அவள்தான். கலியாணத்துக்குப் பிறகு கொழும்பிலும் அப்படி ஒரு பள்ளி தொடங்கலாம் என்று சொன்னவன் அவன். ஒரு வெள்ளிக்கிழமை அவனுடைய குரல் நின்றுபோனது. ‘ஒரு காரணம் மட்டும் சொல்லுங்கோ’ என்று அனுப்பினாள். வட்ஸ்அப்பில் அந்த ஒற்றைச் சரி அடையாளம் இரண்டாகவே இல்லை.

காரணத்தை ஊர்தான் அவளுக்குச் சொன்னது. வலிப்பு. ஓட்டுனர் ஆசனத்துக்குப் பக்கத்தில் வலிப்புக்காரி இருந்தால் யார் தன் மகளை அனுப்புவார்கள்? ஒரு மாதத்தில் மாணவிகள் நின்றார்கள். போக்குவரத்துத் திணைக்களத்துக்கு யாரோ மொட்டைக் கடிதமும் போட்டார்கள். திரும்பவும் வைத்தியப் பரிசோதனைக்குப் போனாள், சான்றிதழ் வாங்கினாள், அப்பா அதைச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டினார். ‘என்னத்துக்கு மாட்டியிருக்கினம், ஏதோ இருக்கிறபடியால்தானே’ என்று அதற்கும் ஒரு கதை வந்தது. அதற்குப் பிறகு பேசி வந்த மூன்று இடமும் இதே காரணத்தால் போனது.

யதுஷா பக்கத்தின் அடியைப் பார்த்தாள். ஒலிப்பதிவு செய்த திகதி சிறிய எழுத்தில் இருந்தது. போன வருடம் மார்ச்.

பதினான்கு மாதமாக அவனுக்குத் தெரியும். வகுப்பில் முதல் நாள் அவளைக் கண்டதும், “அது பெரியாக்கள் எடுத்த முடிவு யதுஷா, நான் அப்ப சின்னப் பொடியன்” என்று தலையைக் குனிந்தவன். அவளும் போகட்டும் என்று விட்டிருந்தாள். தன் தாயின் வாயால் உண்மையைக் கேட்டபிறகும் அவளுக்கு இரண்டு வரிசை பின்னால் இருந்து அவளுடைய குறிப்புக் கொப்பியைக் கடன் வாங்கினான். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அதை நாற்பத்தோராம் பக்கத்தில் போட்டு, ‘குடும்ப மானத்தைக் காக்கும் வேலை பெண்களிடமே ஒப்படைக்கப்படுகிறது’ என்று கீழே அழகாக ஒரு வரியும் எழுதியிருந்தான்.

அந்த நேரம் பார்த்துத் திருகோணமலையிலிருந்து தங்கை றஷ்மி அழைத்தாள். அவளுக்குக் கல்கிசையில் ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, கல்கிசை அன்ரி போன் எடுத்தவ.”

“சாதகம் என்னவாம்?”

“பொருந்துதாம். எல்லாம் கதைச்சுப்போட்டு, குரலைக் குறைச்சு, ‘அக்காவுக்கு இப்ப எப்பிடி, மருந்து எடுக்கிறாவோ?’ எண்டு கேட்டவ.” றஷ்மி சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. “உனக்கு ஒரு வருத்தமும் இல்லையெண்டு சொன்னனான். ‘ஓம் ஓம், எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம்’ எண்டவ. இதுவும் போயிடும்போல இருக்கு அக்கா.”

றஷ்மிக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. அவள் சொல்லாவிட்டாலும் யதுஷாவுக்குத் தெரியும்.

“போகாது,” என்றாள் யதுஷா. “அந்த அன்ரியின்ட நம்பரை எனக்கு அனுப்பு.”

*

“வலிப்பு இருந்தா என்னடி? அது என்ன குத்தமா?” என்று கேட்டாள் ஷாமிலா.

கொட்டாஞ்சேனையில் ஷாமிலாவின் வீட்டுக் கூடத்தில் இருவரும் தரையில் தாள்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். வகுப்பில் யதுஷாவுக்கு இருந்த ஒரே நெருங்கிய சிநேகிதி அவள். முஸ்லிம் பெண்களின் தையல் வேலையைப் பற்றி எழுதுகிறாள். எதையும் நேராகக் கேட்பாள்.

“குற்றமில்லை. எனக்கு இருந்திருந்தா, ‘ஓம் இருக்கு, அதுக்கென்ன’ எண்டு கேட்டிருப்பன். இல்லாத ஒண்டை இல்லை இல்லை எண்டு எட்டு வருசமா நிரூபிச்சுக்கொண்டு இருக்கிறன் ஷாமிலா.”

“அப்ப நேசம் மிஸ்ஸுக்கிட்டப் போய்ச் சொல்லு. இது அவன்ட உம்மாதான்னு.”

“சொன்னா? அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொல்லுவா. அவ்வளவுதான். என்னைப் பற்றின உண்மை எழுத்தில இருக்கிற ஒரே இடம் அது.”

“மண்டபத்துல எழும்பி அவவுட பேரச் சொன்னாலோ ஒன்னய வகுப்பால தூக்கிடுவாங்க. பங்கேற்பாளர்ட பேரு வெளிய போகக் கூடாது. நாம எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கம்.”

“அவவிட பேரை நான் சொல்லமாட்டன்.”

ஷாமிலா பேனையைக் கீழே வைத்தாள். சிநேகிதியின் முகத்தைப் பார்த்தாள்.

“யா அல்லாஹ்,” என்றாள் மெதுவாக. “நீ எதையோ யோசிச்சு வெச்சிட்ட. ஒன்ட மொகத்தப் பாத்தா எனக்கே பயமா இருக்கு. சரி, நான் முன் வரிசையில இருக்கட்டா, பின் வரிசையில இருக்கட்டா?”

*

வியாழக்கிழமை கார்த்திகன் அவளைத் தேடி வந்தான். காலி வீதித் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, “மல்லி, ப்ளேன்டீ தெகக்,” என்று பையனிடம் சிங்களத்தில் இரண்டு தேநீர் சொல்லிவிட்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். நாற்பதை நெருங்கியும் அதே மென்மையான குரல். ஃப்ளாட்டோடு வந்த பெண் மூன்று வருடத்தில் ஃப்ளாட்டோடு போய்விட்டாள் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தாள் யதுஷா.

“வாசிச்சீரோ?”

“வாசிச்சன்.”

“நீர் ஏதும் நினைச்சிருந்தா... பேர், ஊர், தொழில் எல்லாம் மாத்திப்போட்டன். ஒருத்தருக்கும் பிடிபடாது.”

“ஓம். கவனமாத்தான் செய்திருக்கிறீங்க.”

“நேரம் காணாது. அந்தப் பக்கத்தைச் சனிக்கிழமை மண்டபத்தில நான் வாசிக்கப் போறதில்லை,” என்றவன், நாற்காலியை முன்னுக்கு இழுத்தான். “ஒரு விதத்தில பாத்தா யதுஷா, அது உமக்கு ஒரு நியாயம்தானே? உண்மை பதிவாயிருக்கு.”

தேநீர் வந்தது. அவள் ஒரு வாய் குடித்தாள். சூடு நாக்கைச் சுட்டது.

“அம்மா சனிக்கிழமை வாறாவோ?” என்று கேட்டாள்.

“வராமல்? கோயில் மாதர் சங்கத்தில எல்லாருக்கும் சொல்லிப்போட்டா, மகன் பேசப் போறான் எண்டு. சுகமில்லாத மாமியைக்கூடக் கூட்டிக்கொண்டு வாறாவாம்.” அவன் சிரித்தான்.

யதுஷாவும் சிரித்தாள். எட்டு வருடத்துக்குப் பிறகு அவனுடன் சேர்ந்து சிரித்த முதல் சிரிப்பு அது. அந்தச் சிரிப்பை நம்பி அவன் நிம்மதியாக எழுந்து போனான்.

அன்று பின்னேரம் அவள் கல்கிசை அன்ரிக்குப் போன் எடுத்தாள். “றஷ்மியின்ட அக்கா கதைக்கிறன் அன்ரி. சனிக்கிழமை மூன்று மணிக்கு வெள்ளவத்தையில ஒரு நிகழ்வு. நான் பேசுறன். நீங்கள் என்னை நேரில பார்த்ததில்லைத்தானே? ஒருக்கா வந்து பாருங்கோவன்.”

*

மண்டபம் நிறைந்திருந்தது. மாதர் சங்கத்துப் பெண்கள் இரண்டாம் மூன்றாம் வரிசைகளை எடுத்துக்கொண்டார்கள். நடுவில் கார்த்திகனின் தாய் பத்மாவதி இருந்தாள். பூ வைத்து, பவுடர் போட்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவளைப் போல வந்திருந்தாள். யதுஷா அவளைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தாள். இப்போது மேடையோரத்தில் இருந்து பார்த்தபோது அவளுடைய கண் முதலில் போனது முகத்துக்கு அல்ல.

கிளிப்பச்சை. செப்புச் சரிகைக் கரை. அம்மா நூலைக் கடித்து அறுத்துவிட்டு, “உனக்கு எடுப்பா இருக்கும் பிள்ளை,” என்று மடியில் போட்டுப் பார்த்த அதே சாறி.

யதுஷா இதை எதிர்பார்த்து வரவில்லை. சாறி தானாகவே வந்திருந்தது.

கார்த்திகன் நன்றாகப் பேசினான். பெண்கள் தலையாட்டினார்கள். இரண்டு இடத்தில் கைதட்டினார்கள். பத்மாவதி ஒவ்வொரு கைதட்டலுக்கும் இருபுறமும் திரும்பிப் பார்த்தாள். நாற்பத்தோராம் பக்கம் வரவில்லை.

“பதிலுரை, யதுஷா சிவபாதசுந்தரம்,” என்றார் நேசம் மிஸ்.

மூன்றாம் வரிசையில் பூ வைத்த தலை நிமிர்ந்தது. அந்தப் பெயர் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

யதுஷா ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கினாள். “கார்த்திகனின் ஆய்வில் மிக முக்கியமான சாட்சியம் இன்று வாசிக்கப்படவில்லை. நாற்பத்தோராம் பக்கம், பங்கேற்பாளர் நான்கு. அதைக் கேட்காமல் இந்த ஆய்வைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. அவரையே வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன்.”

கார்த்திகன் நேசம் மிஸ்ஸைப் பார்த்தான். “நேரம்...”

“நேரம் இருக்கு. வாசியுங்கள்,” என்றார் அவர்.

அவன் தாளைப் புரட்டினான். இரண்டு பக்கம் தாண்டிப்போய், பின்னால் வந்தான். வாசித்தான். ‘சாதகம் நல்லாப் பொருந்தினது’ வரை குரல் சரியாக இருந்தது. ‘கிளிப்பச்சை’ என்ற இடத்தில் அவனுடைய கண் தாளிலிருந்து தவறி மூன்றாம் வரிசைக்குப் போனது. அப்போதுதான் கண்டான், மத்தியானம் அதே வீட்டிலிருந்து தாயை ஓட்டோவில் ஏற்றி வந்தவன், இப்போதுதான் கண்டான். நிறுத்தினான். நிறுத்தியபடியால் மண்டபம் அவன் பார்த்த திசையில் பார்த்தது.

“கேட்கவில்லை. கொஞ்சம் பலமா,” என்றாள் பின் வரிசையில் இருந்து ஷாமிலா.

அவன் மிச்சத்தையும் வாசித்தான். புரோக்கர், வலிப்பு, திருப்பி வாங்கிய சாறி, இப்பவும் நான் அதைக் கட்டுறனான்.

யதுஷா ஒலிவாங்கியை நெருங்கினாள். “பங்கேற்பாளரின் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லக்கூடாது. அவர் படிவத்தில் கையெழுத்து வைத்தவர். அவருடைய இரகசியத்தைக் காப்பது எங்கள் கடமை. ஆனால் அந்தப் பெண்? அவளிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை. அவளுக்குப் புனைபெயர்கூட வைக்கவில்லை. அதனால் அவளுடைய பெயரைச் சொல்லத் தடை இல்லை.” கையிலிருந்த தாளை மடித்து வைத்தாள். “அது நான்.”

யாரோ “ஐயோ” என்றார்கள். நாற்காலிகள் கிறீச்சிட்டன.

“ஊர் மட்டக்களப்பு இல்லை, திருகோணமலை. எனக்கு வலிப்பு இல்லை. இருந்திருந்தாலும் நான் வெட்கப்பட்டிருக்க மாட்டேன். இல்லாத நோயை உண்டாக்கினவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.”

“யதுஷா!” என்று கார்த்திகன் எழுந்தான். “மிஸ், இது ஒழுக்க விதி மீறல்.”

நேசம் மிஸ் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டார். “பங்கேற்பாளரின் பெயர் சொல்லப்படவில்லை. சொன்னவர் தன்னுடைய பெயரைத்தான் சொன்னார். தொடருங்கள்.”

“ஒரே ஒரு கேள்வி,” என்றாள் யதுஷா. “இது பொய்யென்று உங்களுக்கு எப்போது தெரியும்?”

“பதிவு செய்தபோது. போன வருடம்.”

“அந்தப் பெண்ணுக்கு ஏன் சொல்லவில்லை?”

“அது... பங்கேற்பாளரின் இரகசியம்.”

“அப்ப அச்சடிச்சு எங்களுக்கெல்லாம் தந்தீங்களே, அது என்ன?”

முன் வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு பின்னால் பரவியது. கார்த்திகன் உட்கார்ந்தான்.

மூன்றாம் வரிசையில் பத்மாவதிக்குப் பக்கத்தில் இருந்த சங்கத்துப் பெண் ஒருத்தி, குனிந்து, மண்டபத்துக்கே கேட்கும் இரகசியக் குரலில், “பத்மா, நல்ல கிளிப்பச்சை என்ன? எங்க எடுத்தனீங்கள்?” என்று கேட்டாள். எழுந்து போனால் தானே ஒப்புக்கொண்டதாகும். இருந்தால் எல்லாரும் பார்ப்பார்கள். பத்மாவதி இருந்தாள். ஏசி குளிர்கிறது என்று சொல்லி, சுகமில்லாத மாமியின் சால்வையை வாங்கிக் கழுத்திலிருந்து முழங்கால் வரைக்கும் போர்த்திக்கொண்டாள். இன்னும் மூன்று மாணவர்கள் வாசிக்க இருந்தார்கள். ஒன்றரை மணித்தியாலம் அப்படியே இருந்தாள். யதுஷா ஒரு நிமிடத்தையும் தவற விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரிதாபம் வரும் என்று நினைத்தாள். சுவரில் அப்பா மாட்டிய சான்றிதழ்தான் ஞாபகம் வந்தது.

வாசலில் கல்கிசை அன்ரி அவளுடைய கையைப் பிடித்தாள். “பிள்ளை, நாங்கள் பிழையாக் கேள்விப்பட்டிட்டம். வாற வெள்ளிக்கிழமை எல்லாரும் திருகோணமலைக்கு வாறம்.”

அன்றிரவு யதுஷா போனில் தங்கைக்குச் செய்தியைச் சொன்னாள். “வரட்டும்,” என்றாள் றஷ்மி. “வரேக்க மகன்ட மெடிக்கல் ரிப்போர்ட்டையும் கொண்டரச் சொல்லு. எனக்கும் பாக்க வேணும்.”

*

இரண்டு கிழமைக்குப் பிறகு கார்த்திகன் அவளுடைய ஒழுங்கையில், கேற்றடியில் காத்து நின்றான். மெலிந்திருந்தான். கையில் ஒரு கோப்பு.

“நேசம் மிஸ் சொல்லிப்போட்டா. உம்மட பக்கத்தையும் கேட்டு எழுதினாத்தான் அந்த அத்தியாயம் நிக்குமாம். இல்லாட்டி முழுக்க எடுக்க வேணும். எடுத்தா ஆய்வில ஒண்டும் மிஞ்சாது. இன்னொரு வருசம் திரும்பத் தொடங்க வேணும்.” கோப்பைத் திறந்து ஒரு தாளை நீட்டினான். சம்மதப் படிவம். “ஒரு மணித்தியாலம் போதும். நீர் விரும்பின எதையும் சொல்லலாம். என்னைத் திட்டியும் சொல்லலாம். அப்பிடியே எழுதுறன்.”

“அம்மா எப்பிடி?”

“வெளியில போறதில்லை. கோயிலுக்கும் போறதில்லை.” அவன் குரல் தழுதழுத்தது. போனில் கேட்ட அந்தக் குரல். அவளுக்குள் எங்கோ ஒரு மூலையில் அது இன்னும் ஒரு கதவைத் தட்டத்தான் செய்தது. அதை அவளால் மறுக்க முடியவில்லை. “அம்மாவும் மன்னிப்புக் கேக்கச் சொன்னவ, யதுஷா.”

“வலிப்பெண்டு புரோக்கரிட்டச் சொல்லத் தானாப் போனவ. மன்னிப்புக்கு மட்டும் உங்களை அனுப்புறாவோ?”

அவள் படிவத்தை வாங்கி, நின்றபடியே முழுக்க வாசித்தாள். முதுகலை மாணவிக்கு மனப்பாடமான படிவம்தான். ஆனாலும் ஒவ்வொரு வரியாக வாசித்தாள். பிறகு ஐந்தாம் பிரிவில் விரலை வைத்து அவனுக்குக் காட்டினாள். ‘இவ்வாய்வில் பங்குபற்ற மறுப்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதற்கான காரணத்தைக் கூற வேண்டியதில்லை.’

கையெழுத்து வைக்காமல் தாளை அவனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“யதுஷா, ஒரு காரணமாவது சொல்லும்.”

அவள் அவனைத் தாண்டி நடந்தாள். எட்டு வருடமாகத் தான் அனுப்பிய அந்த வட்ஸ்அப் செய்தியில் நின்ற ஒற்றைச் சரி அடையாளத்தைப் போல, அவனை அப்படியே நிற்க விட்டாள்.

ஒழுங்கை முனையில், ‘எல்’ பலகை கட்டிய பழைய வெள்ளைக் காருக்குள் ஷாமிலா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தாள். கொழும்பில் யதுஷாவின் முதல் மாணவி. யதுஷா பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

“ஐஞ்சு நிமிசமா பாக்குறன்,” என்றாள் ஷாமிலா. “அவன் நடு ரோட்டுலயே நிக்கிறான். மேல ஏத்தவா, உள்ள ஏத்தவா?”

“ரெண்டும் வேண்டாம். ஹோர்ன் அடி. விலகுவான்.”

ஷாமிலா தேவைக்கு மேலேயே அடித்தாள். கார்த்திகன் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மதிலோரம் ஒதுங்கினான்.

“இனி கிளச்சை மெதுவா விடு,” என்றாள் யதுஷா. “மெதுவா. அவசரமே இல்லை.”